ஒரே குதிரை, ரெண்டு முதுகு: ஏற்காட்டில் ஒரு சேணத்துக்கு அளவெடுத்த கதை

(ஒலிப்பதிவைத் திருத்தி எழுதியது. திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டியிருக்கேன், ரெண்டு இடத்துல கணக்கைச் சரி பண்ணியிருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடி.)

வழக்கமா இங்க டேட்டாபேஸ், நெட்வொர்க், இல்லன்னா ஏதாவது ஒரு மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பேசுவோம். இன்னைக்கு குதிரை. போன எபிசோட்ல நடுவுல "ஏற்காட்டுல ஒரு குதிரைக்கு ஃப்ரிட்ஜ் பெட்டி அட்டையில அளவெடுத்துட்டு இருக்கேன்"னு சொல்லிட்டு வேற விஷயத்துக்குப் போயிட்டேன். அது என்னன்னு கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதனால இந்த எபிசோட் முழுக்க அதுதான்.

எனக்கு ஊர் சேலம். வேலை பெங்களூர்ல. ஊருக்கு வந்தா ஒரு நாளாவது மலை ஏறிடுவேன், இருபது கொண்டை ஊசி வளைவு, பைக்ல ஒரு மணி நேரம். போன மே மாசம் அப்படிப் போனப்போ ஏரிக்கரையில கூட வந்த அக்கா பையன் குதிரை ஏறணும்னு அடம் பிடிச்சான். அவனை ஏத்தி ஒரு ரவுண்டு சுத்தி வந்தாச்சு. அப்புறம் சும்மா இருக்காம நானும் ஏறினேன். என் எடை அப்போ 84 கிலோ. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஏறும்போதே குதிரை காதைப் பின்னாடி மடக்குச்சு. வயித்துப் பட்டையை இறுக்கினப்போ கழுத்தைத் திருப்பிக் காத்தைக் கடிச்சது. எனக்கு அதெல்லாம் அப்போ புரியல. இருபது நிமிஷம் சுத்திட்டு இறங்கினேன். குதிரைக்காரர் சேணத்தைக் கழட்டினாரு. முதுகுல, கழுத்து முடியுற இடத்துல, ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தோல் உரிஞ்சு ஈரமா இருந்துச்சு.

"நேத்து வரைக்கும் வீக்கம்தான் தம்பி இருந்துச்சு. இன்னைக்கு உடைஞ்சிருச்சு"ன்னாரு. கோபமெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் தலையைத் தூக்க முடியல.

அந்தப் புண்ணைச் சுத்தி அங்கங்க வெள்ளையா திட்டுத் திட்டா முடி. குதிரை செம்பழுப்பு நிறம், பேரு ராணி. அந்த வெள்ளையை நான் பிறவி மச்சம்னு நினைச்சுட்டு இருந்தேன். "அதெல்லாம் பழைய புண்ணு"ன்னாரு அண்ணா. ஒரே இடத்துல தொடர்ந்து அழுத்தம் விழுந்தா அங்க ரத்த ஓட்டம் நிக்குது, முடிக்கு நிறம் கொடுக்கிற செல்கள் செத்துப் போகுது. அதுக்கப்புறம் அந்த இடத்துல முளைக்கிற முடி வெள்ளையாத்தான் முளைக்கும், பெரும்பாலும் ஆயுசு முழுக்க. இனிமே எங்கயாவது சவாரிக் குதிரை பாத்தா முதுகைப் பாருங்க. அதோட பழைய சேணங்கள் எங்கெங்க அழுத்தினதுன்னு அங்கேயே எழுதியிருக்கும்.

அண்ணாகிட்ட குதிரை ரெண்டுதான். மே மாசம் மலையில கூட்டம் நெரியுற நேரம், கோடை விழா வேற. ஜூன்ல பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். அப்படி இருந்தும் அன்னைக்கே ராணியை நிறுத்திட்டாரு. மூணு வாரம் அவ வேலைக்கு வரல, சீசன்ல பாதி போச்சு. நான் பணம் கொடுத்தேன், வாங்கல. "கொடுக்கணும்னு தோணுச்சுன்னா கொள்ளு வாங்கிப் போடு"ன்னாரு. ஒரு மூட்டை கொள்ளு இறக்கினேன். அப்படித்தான் பழக்கம் ஆச்சு.

என் கேள்வி இதுதான்: நாலஞ்சு வருஷமா அதே குதிரை, அதே சேணம். இவருக்கு வேலை தெரியாதுன்னும் சொல்ல முடியாது. அப்புறம் ஏன் புண்ணு வருது?

முகடும் ரெண்டு சரிவும்

சேணத்துக்கு உள்ளே ஒரு சட்டம் இருக்கு. மரம், இல்ல மரமும் இரும்பும் சேர்ந்தது. அதை ஒரு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி நினைச்சுக்கலாம். ரெண்டு பக்கமும் சரிவு, நடுவுல முகடு. குதிரையோட எடை தாங்குற பகுதி முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் நீளமா ஓடுற தசை. சேணம் அந்தத் தசை மேலதான் உக்காரணும். முதுகெலும்பு மேல எதுவும் படக்கூடாது. அதுக்குத்தான் சேணத்துக்கு அடியில நடுவுல நீளமா ஒரு பள்ளம் விட்டிருப்பாங்க.

கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு மேடு இருக்கு, இங்கிலீஷ்ல விதர்ஸ்னு சொல்லுவாங்க. முதுகெலும்புல இருந்து மேல நீட்டிட்டு இருக்கிற எலும்பு முனைகள்தான் அந்த மேடு. அது மேல சதை ரொம்பக் கம்மி, தோலுக்கு அடியில உடனே எலும்பு. ஆள் ஏறி உக்காந்த பிறகும் சேணத்தோட முன் வளைவுக்கும் இந்த மேட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போகணும். பின்பக்கம், சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குதிரைக்கு ரெண்டு பக்கமும் பதினெட்டு விலா. அதுக்குப் பின்னாடி அடியில முட்டுக் கொடுக்க எதுவும் கிடையாது. முன்பக்கம் தோள்பட்டை எலும்பு. குதிரை காலை முன்னாடி நீட்டும்போது அந்த எலும்போட மேல் முனை பின்னாடி வரும். சேணம் அதை இடிச்சா ஒவ்வொரு அடிக்கும் இடி.

இந்த மூணு எல்லைக்குள்ள கிடைக்கிற இடத்துலதான் மொத்த எடையும் இறங்கணும். நடக்கும்போது ஆளோட எடைக்கு கொஞ்சம் மேல முதுகுல இறங்கும். ஓட ஆரம்பிச்சா ஒவ்வொரு அடிக்கும் அது ரெண்டு மடங்கைத் தாண்டும். எடை பரவி இறங்கினா பிரச்சினை இல்ல. உள்ளங்கை அகலத்துல குவிஞ்சா அங்க புண்ணு.

இப்போ அந்தக் கூரையை ஒரு மூட்டை மேல கவுக்கறீங்கன்னு வைங்க. மூட்டை மெலிஞ்சிருந்தா கூரை கீழ கீழ இறங்கி, முகடு போய் மூட்டையோட உச்சியில இடிக்கும். மூட்டை பெருத்திருந்தா கூரை மேலயே நிக்கும், ரெண்டு ஓரமும் பக்கவாட்டுல கிள்ளும், ஒரு தட்டு தட்டினா உருளும். கூரை ஒண்ணுதான், மாறினது மூட்டை.

ராணிக்கு நடந்தது முதல் வகை. மே மாசத்துல ஏற்காட்டுல புல் காய்ஞ்சிடும், வேலை அதிகம், அவ மெலிஞ்சுடுவா. முன் வளைவு இறங்கி மேட்டுல உக்காந்துடும். அதுக்கு அண்ணா கோணியை மடிச்சு அடியில வைப்பாரு. ஜூன்ல மழை பிடிச்சு, ஐப்பசி கார்த்திகை வரைக்கும் சேர்வராயன் மலை பச்சையாவே இருக்கும். வார நாள்ல ஆள் கிடையாது. ராணி மேஞ்சு உருண்டு திரண்டுடுவா. அப்பவும் அதே சேணம், அதே கோணி. இப்போ ரெண்டாவது வகைக் கஷ்டம். அந்தக் கிள்ளல் சதைக்குள்ள நடக்கறதால தோல்ல தெரியாது, அவ்வளவுதான்.

குதிரை உடம்பு மாறுறதுக்கு தீவனமும் சீசனும் மட்டும் காரணம் இல்ல. அஞ்சாறு வயசு வரைக்கும் வளரும். வயசானா முதுகு நடுவுல தொங்கும். சினையானா மாறும். ஓய்வு கொடுத்தா தசை கரையும், வேலை கொடுத்தா வரும். இங்கிலாந்துல லைன் க்ரீவ், சூ டைசன்னு ரெண்டு கால்நடை மருத்துவர்கள் விளையாட்டுக் குதிரைகளோட முதுகை ஒரு வருஷம் பின்தொடர்ந்து அளந்து 2015ல வெளியிட்டாங்க. நல்லா பராமரிக்கிற குதிரைக்கே வருஷத்துக்குள்ள முதுகோட வடிவம் மாறுது, அதனால சேணத்தை வருஷத்துல பல தடவை சரிபார்க்கணும்னு சொல்றாங்க. ஒரு தடவை வேலை செஞ்சு முடிச்ச உடனேயே முதுகு தற்காலிகமா கொஞ்சம் அகலமாகறதையும் அவங்க அளந்திருக்காங்க. நாம வருஷத்துக்கு ஒரு தடவை கூட பாக்கறதில்ல.

இதுல எனக்கு ரொம்ப நேரம் உறைக்காம இருந்த ஒரு விஷயம் இருக்கு. முதுகை மாத்துற காரணங்கள்ல சேணமும் ஒண்ணு. பொருந்தாத சேணம் மேட்டுக்குப் பின்னாடி இருக்கிற தசையை அழுத்தி அழுத்திக் கரைக்குது, அங்க குழி விழுது. குழி விழுந்தா சேணம் இன்னும் கீழ இறங்குது, இன்னும் அழுத்துது, இன்னும் கரையுது. புரோகிராம் எழுதறவங்களுக்கு இது பழக்கமான சிக்கல். அவுட்புட் திரும்பி வந்து இன்புட்டையே கெடுக்குது. இதுல இன்னொரு பொறியும் இருக்கு. "குதிரை மெலிஞ்சிருக்கு, சேணம் இறங்குது, அதனால குறுகலான சேணம் வாங்கலாம்"னு தோணும். அந்தக் குழிக்கு அளவா குறுகலான சேணம் வாங்கிட்டா, தசை திரும்ப வளர இடமே இருக்காது. குழி நிரந்தரம்.

எங்க ஊர்ப்பக்கம் ஐயனார் கோயில் வாசல்ல மண் குதிரை நிக்கும், பாத்திருப்பீங்க. சேணமும் உடம்பும் ஒரே களிமண்ணுல சேர்த்தே செஞ்சிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சு எந்த மாசத்துலயும் சேணம் பொருந்துற குதிரை அது மட்டும்தான்.

என் மெத்தை ஐடியா

நான் சும்மா இருப்பேனா? போன் கேமராவுல முதுகை ஸ்கேன் பண்ணி முப்பரிமாண மாடல் எடுக்கலாம்னு ஆரம்பிச்சேன். ராணி ரெண்டு செகண்டுக்கு மேல அசையாம நிக்கல. அடுத்து மெமரி ஃபோம். மெத்தை விக்கிற கடையில ரெண்டு இன்ச் துண்டு வாங்கி சேணத்து அளவுக்கு வெட்டி எடுத்துட்டுப் போனேன். உடம்புக்கு ஏத்த மாதிரி தானா வளையும்ல, பிரச்சினை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

புண்ணு ஆறின பிறகு அரை மணி நேரம் ஆள் இல்லாம, மணல் மூட்டை கட்டி நடக்க வெச்சுப் பாத்தோம். எங்க அழுத்தம் அதிகமோ அங்கதான் ஃபோம் முழுசா அமுங்கி அட்டை மாதிரி ஆயிருந்துச்சு. அழுத்தமே இல்லாத இடத்துல மட்டும் மெத்துன்னு இருந்துச்சு. அடியில வேற சூடு, வேர்வை. அண்ணா அதைத் தொட்டுப் பாத்துட்டு, வீட்டுக்குள்ள போய் ஒரு பழைய ஆட்டு ரோமக் கம்பளியை எடுத்துட்டு வந்தாரு. நெருக்கமா நெஞ்ச முரட்டுக் கம்பளி. அமுங்கும், ஆனா ஒரேயடியா தட்டையாகாது, வேர்வையையும் இழுத்துக்கும். என் ஃபோம் இப்போ அவங்க வீட்டு நாய்க்கு.

அந்தக் கம்பளியில இருந்துதான் எனக்குப் பழைய குதிரைப்படை விஷயத்தைத் தேடணும்னு தோணுச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கான குதிரை. போருக்குக் கிளம்பும்போது கொழுகொழுன்னு இருக்கும், ரெண்டு மாசத்துல எலும்பும் தோலுமா ஆயிடும். ஒவ்வொண்ணுக்கும் மாசாமாசம் புதுச் சேணம் தைக்க முடியாது. 1899ல இருந்து 1902 வரைக்கும் நடந்த போயர் போர்ல மட்டும் பிரிட்டிஷ் பக்கம் 3 லட்சத்துக்கு மேல குதிரைகள் செத்துச்சு. முக்கியமா பட்டினி, நோய், ஓயாத வேலை. முதுகுப் புண்ணும் குதிரையை முடக்கற பெரிய காரணமா இருந்துச்சு. ஃபிரடெரிக் ஸ்மித்னு ராணுவக் கால்நடை மருத்துவர் ஒருத்தர் 1891லயே சேணத்தையும் முதுகுப் புண்ணையும் பத்தி மட்டுமே ஒரு கையேடு எழுதியிருக்காரு.

அவங்க கண்டுபிடிச்ச வழி ரெண்டு பகுதி. ஒண்ணு, சேணத்தைக் கொஞ்சம் அகலமாவே செய்யறது. குதிரை நல்லா இருக்கிற நிலைக்கு ஏத்த அகலம். ரெண்டு, அடியில ஒரு கம்பளிப் போர்வை. குதிரை மெலிய மெலிய அந்தப் போர்வையை மடிக்கிற விதத்தை மாத்தி ரெண்டு பக்கமும் அடுக்கு கூட்டறது. 1912ல வந்த யுனிவர்சல் பேட்டர்ன் சேணத்துல இன்னும் ஒரு படி போனாங்க. முன் வளைவும் பின் வளைவும் பக்கப் பலகைகளோட சேருற இடத்துல கீல் மாதிரி அசையும். முதுகோட சரிவு மாறினா பலகையும் கொஞ்சம் சாயும். நூறு வருஷம் தாண்டியும் அந்த வகைச் சேணம் லண்டன்ல அணிவகுப்புக் குதிரைகள் மேல இருக்கு.

இது நமக்கு ரொம்பத் தூரத்துக் கதையும் இல்ல. ஓசூர் பக்கத்துல மத்திகிரியில இருக்கிற அரசு கால்நடைப் பண்ணை, 1824ல ராணுவக் குதிரைகளுக்காக ஆரம்பிச்சதுதான். அதே காலத்துலதான் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுல காபி வெச்சாரு. ரோடு வர்றதுக்கு முன்னாடி துரைமார் மலை ஏறினது குதிரையிலயும், ஆள் தூக்கற நாற்காலியிலயும்தான்.

இந்தப் படை வழியில ஒரு நிபந்தனை இருக்கு. அடியில துணி வைக்கிறது அகலமான சேணத்துக்குத்தான் மருந்து. குறுகலான சேணத்துக்கு அடியில துணி வெச்சா, இறுக்கமான ஷூவுக்குள்ள ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்ட மாதிரி. அண்ணா ஐப்பசியிலயும் கோணியை எடுக்காம விட்டது அதைத்தான் செஞ்சது. "மெத்துன்னு இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன்"னாரு. நானும் ரெண்டு இன்ச் ஃபோம் வாங்கினப்போ அதைத்தான் நினைச்சேன்.

துணி வைக்கும்போது இன்னொண்ணு. அதை முன் வளைவுக்குள்ள நல்லா மேல இழுத்து விட்டுட்டுத்தான் பட்டையைக் கட்டணும். இல்லன்னா துணியே மேட்டு மேல விறைப்பா இழுத்துப் பிடிச்சு, அதுவே புண்ணாக்கும்.

நம்ம நாட்டுச் சட்டத்துலயும் இது இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு ஆச்சரியம். வண்டி இழுக்கிற, சுமை தூக்கற விலங்குகளுக்கான கொடுமைத் தடுப்பு விதிகள், 1965. சேணம் குதிரையோட மேட்டுல நேரடியா உக்காராம, வளைவுக்கும் மேட்டுக்கும் நடுவுல போதுமான இடைவெளி இருக்கணும்னு அதுல ஒரு தனி விதியே இருக்கு. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல கூடாது. மட்டக்குதிரை மேல ஏத்தற சுமை 70 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த 70 கிலோ பொதி சுமைக்குச் சொன்னது. ஆனா 84 கிலோ ஆளுக்கு அதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க.

தையல் டேப்பும் தேஞ்ச ஓட்டையும்

குதிரையை எடை மேடையில ஏத்தாமலே எடையைக் கணக்குப் போடலாம். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையில இருந்து பின்பக்க முனை வரைக்கும் நீளம், ரெண்டும் செ.மீ.ல. சுற்றளவு × சுற்றளவு × நீளம், அதை 11,880ஆல வகுத்தா கிட்டத்தட்ட எடை, கிலோவுல. அம்மாவோட தையல் டேப்பை எடுத்துட்டுப் போனேன். அது 150ல முடிஞ்சுடுச்சு, ஒரு விரல் பத்தல. அப்புறம் கயிறு சுத்தி முடிச்சுப் போட்டு, தரையில நீட்டி அளந்தோம். சுற்றளவு 152, நீளம் 142. கணக்குப் போட்டா 276 கிலோ.

ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும்ங்கறது குதிரை உலகத்துல பரவலா சொல்ற ஒரு கணக்கு. ராணிக்கு அது 55 கிலோ. நான் 84, சேணம் 9. மொத்தம் 93. மூணுல ஒரு பங்கு. மலைச் சரிவுல. இந்தக் கணக்கை அண்ணாகிட்ட காமிச்சேன். "அதான் குழந்தைங்களை மட்டும் ஏத்தினா போதும்னு பாப்பேன். ஆனா சீசன்ல வந்து காசை நீட்டுறப்ப வேணாம்னு சொல்ல வாய் வரல"ன்னாரு.

அடுத்து முதுகோட வடிவம். காலேஜ் முதல் வருஷம் எஞ்சினியரிங் டிராயிங்குக்கு வாங்கின வளையுற ஸ்கேல் ஒண்ணு பரண்ல கிடந்துச்சு. ஈயக் கம்பி மேல ரப்பர் சுத்தினது, வளைச்சா வளைச்சபடி நிக்கும். அதை முதுகு மேல குறுக்கா அமுக்கி வெச்சு, அலுங்காம எடுத்து, அட்டையில கோடு போட்டோம். மூணு இடம். தோள்பட்டை எலும்புக்கு மூணு விரல் பின்னாடி ஒண்ணு, அங்கிருந்து ஒரு சாண் பின்னாடி ஒண்ணு, கடைசி விலாக்கிட்ட ஒண்ணு. இடத்தைச் சாக்பீஸால குறிச்சுக்கணும், இல்லன்னா அடுத்த தடவை வேற இடத்தை அளந்துட்டு முதுகு மாறிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். குதிரை சமதரையில, தலை நேரா நிக்கணும். ஏற்காட்டுல சமதரை தேடறதுக்கே அரை மணி நேரம் ஆச்சு, கடைசியில ஒரு லாட்ஜோட கார் நிறுத்துற இடத்துல நடந்தது.

மே மாசக் கோட்டுல மேட்டுக்கு ரெண்டு பக்கமும் குழி தெளிவாத் தெரிஞ்சுது. ஜூலைக் கோட்டுல குழி கொஞ்சம் தூர்ந்திருந்துச்சு. ஆனா சேணம் வாங்கணும்னா அவ முழுசா பெருத்த அளவு வேணும். அது கார்த்திகையில, இன்னும் நாலு மாசம் இருக்கு. "போன வருஷ டேட்டா இருந்தா நல்லா இருந்திருக்கும்ணா"ன்னு சொன்னேன். அவருக்கு டேட்டான்னா புரியல, விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, பழைய சேணத்தோட வயித்துப் பட்டையை எடுத்து நீட்டினாரு.

பட்டையில வரிசையா ஓட்டை. அதுல ரெண்டு ஓட்டை மட்டும் நல்லா தேஞ்சு நீளவாக்குல இழுத்திருந்துச்சு. ஒண்ணு சீசன்ல மாட்டறது. இன்னொண்ணு மூணு ஓட்டை தள்ளி, மழைக்காலத்துல மாட்டறது. ஓட்டைக்கு ஓட்டை ரெண்டரை செ.மீ. மூணு ஓட்டைன்னா ஏழரை. நாலு வருஷ ரெக்கார்டு அந்தத் தோல்லயே இருந்துச்சு! மே மாச 152ஓட அதைக் கூட்டினா கார்த்திகையில 160 பக்கம் வரும். பெருத்த காலத்துல எவ்வளவு அகலம்னு கையாலயே காமிச்சாரு, ரெண்டு உள்ளங்கையையும் கூரை மாதிரி சாய்ச்சு. நான் அந்தக் கையை அட்டையில வரைஞ்சுக்கிட்டேன்.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. ஈரோடு மாவட்டம், தென்னிந்தியாவோட பெரிய குதிரைச் சந்தைகள்ல ஒண்ணு. கத்தியவாரி, மார்வாரின்னு காது வளைஞ்ச குதிரைங்க வரிசையா நிக்கும், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் சேணம், கடிவாளம், அங்கவடி விக்கிற கடைகளை மட்டும் சுத்தினோம், கையில அட்டையோட. இந்தியாவுல சேணத்துக்குப் பேர் போன ஊர் கான்பூர், கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனா அங்க செய்யறதுல பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகுது. நம்ம ஊர் மலையில சுத்தற மட்டக்குதிரையை யாரும் மனசுல வெச்சுச் செய்யறதில்ல. உயரமான, ஒடுங்கின முதுகுக்காரக் குதிரைக்குச் செஞ்சதை வட்டமான முதுகுல போட்டா எப்படி இருக்கும்?

அட்டையை வெட்டி, வளைவுக்குள்ள வெச்சு வெச்சுப் பாத்து, பத்துப் பதினஞ்சு சேணம் தள்ளி ஒரு பழசு கிடைச்சது. சட்டம் அகலம், நடுப்பள்ளம் நாலு விரல் போகுது. தோல் தேஞ்சிருந்துச்சு. அண்ணா அதைப் பத்திக் கவலைப்படல. கவுத்துப் போட்டு சட்டத்துல விரிசல் இருக்கான்னு ரெண்டு பக்கமும் பிடிச்சு முறுக்கிப் பாத்தாரு, பஞ்சு கட்டி தட்டியிருக்கான்னு உள்ளங்கையால தடவினாரு. கடைக்காரர் சொன்ன விலையில பாதிக்கு முடிச்சாரு.

நவம்பர்ல போய் அளந்தேன். சுற்றளவு 160. கணக்குப்படி 306 கிலோ, முப்பது கிலோ ஏத்தம். புதுச் சேணம் ஒரே ஒரு மெல்லிய துணியோட உக்காந்துச்சு. மேட்டுல மூணு விரல் போகுது. ஒரு சின்னப் பொண்ணை ஏத்தி ஏரியைச் சுத்திட்டு வந்த பிறகு கழட்டிப் பாத்தோம், வேர்வை எங்க ஊறியிருக்குன்னு. அதுதான் செலவில்லாத சோதனை. ரெண்டு பக்கமும் சீரா ஈரமா இருக்கணும். நடுவுல ஒரு இடம் மட்டும் காய்ஞ்சிருந்தா, அங்க அழுத்தி வேர்வைச் சுரப்பியையே அடைச்சிருக்குன்னு சந்தேகப்படணும்.

வலது பக்கம் சீரா இருந்துச்சு. இடது பக்கம் முன்னாடி உள்ளங்கை அளவுக்குக் காய்ஞ்சிருந்துச்சு. சேணம் லேசா இடது பக்கம் சரிஞ்சும் இருந்துச்சு. மறுபடி மே மாசக் கோட்டை எடுத்துப் பாத்தா, அதுலயும் வலது தோள் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு, நான்தான் கவனிக்கல. பல குதிரைக்கு ஒரு தோள் பெருசு. பெரிய தோள் சேணத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். அது போதாதுன்னு வர்றவங்க எல்லாரும் இடது பக்கத்துல அங்கவடியில தொங்கித்தான் ஏறறாங்க. ஒவ்வொரு தடவையும் சேணம் இடது பக்கம் இழுபட்டு, மேட்டோட வலது பக்கம் இறுகுது. நாளைக்கு இருபது முப்பது தடவை.

அதுக்கு இப்போ ரெண்டு ஏற்பாடு. இடது முன்பக்கம் மட்டும் கம்பளியில அரை அடுக்கு கூட. அப்புறம், ஏரிக்கரைத் திட்டுச் சுவரோரமா குதிரையை நிறுத்தி, ஆளை அது மேல ஏத்தி, அங்கிருந்து குதிரை மேல உக்கார வைக்கிறது. நீங்க ஏற்காடோ கொடைக்கானலோ ஊட்டியோ போனா, ஏறும்போது கல்லோ படியோ இருக்கான்னு கேளுங்க. பட்டை இறுக்கும்போது குதிரை கடிக்கத் திரும்புதான்னு பாருங்க. உங்க எடையையும் நீங்களே சொல்லிடுங்க, அவங்க கேக்க மாட்டாங்க.

அட்டை அவங்க வீட்டுச் சுவர்ல ஆணியில தொங்குது. மே சிவப்பு, ஜூலை நீலம், நவம்பர் பச்சை. வளையுற ஸ்கேலை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். தை மாசக் கோட்டை அண்ணாவே போட்டு போன்ல படம் அனுப்பியிருந்தாரு. குழி விழ ஆரம்பிச்சிருக்கு, கம்பளியில ஒரு அடுக்கு கூட்டியாச்சுன்னு குரல் செய்தி. சீசனுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, சித்திரை பொறந்ததும் வாரம் ஒரு தடவை அளக்கலாம்னு பேசி வெச்சிருக்கோம். நான் இப்போ 79 கிலோ. இன்னமும் ஏற முடியாது.